செல்லும் நோட்டு

அறுபது டாலர் கொடுத்து நான் ஏமாந்த கதையிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் என் அக்கா இருக்கிறாள். அத்தானுக்கு டிமாயின் நகரத்தில் உத்தியோகம். அவர்கள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். பாதியில் நின்றுபோன நாவலை அங்கே உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று எண்ணம். பிரயாணம் கிளம்பும் நாவலாசிரியர்கள் எல்லோருக்கும் வருகிற எண்ணந்தான் இது. நாவல் ஓர் அத்தியாயம்கூட நகரவில்லை. சும்மா இருக்கப் பொறுக்காமல் பழைய சாமான் விற்கும் கடைகளாகப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு கடையில், உடைந்த கடிகாரங்களுக்கு நடுவே, கண்ணாடிக்குக் கீழே ஒரு பத்து டாலர் நோட்டு. முகப்பில் 'நேஷனல் கரன்ஸி' என்ற தலைப்பு. 1929 என்ற வருஷம். பழுப்பு நிற முத்திரை. "அந்தக் காலத்தில் பாங்கிகளே அச்சடித்துக்கொண்ட நோட்டு. அபூர்வம்" என்றார் கடைக்காரர். நான் வாங்கிவிட்டேன். அக்காவிடம் விலையைச் சொல்லவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு கிழவர். எண்பத்திரண்டு வயது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி வெகு காலம் ஆயிற்று. சாயங்கால வேளைகளில் வேலி ஓரமாக நின்று என்னுடன் பேசுவார். என் பொக்கிஷத்தை அவரிடம்தான் முதலில் காட்டினேன்.

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டைக் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"எண் எங்கே?" என்றார்.

"இதோ இருக்கிறதே, எண்!"

"அது நோட்டின் வரிசை எண். நான் கேட்பது பாங்கியின் எண். இந்த நாட்டில் நேஷனல் பாங்கி ஒவ்வொன்றுக்கும் சாஸன எண் என்று ஒன்று உண்டு. பிலடெல்பியாவில் இருந்த பர்ஸ்ட் நேஷனல் பாங்கிக்கு ஒன்று என்று ஆரம்பித்து, பதினாலாயிரத்தையும் தாண்டிப் போயிற்று. 1929-ஆம் வருஷத்து நோட்டில் அந்த எண் இரண்டு பக்கமும் கறுப்பு மையில் தடிப்பாக நிற்கும். உங்கள் நோட்டில் அந்த இடத்தில் 'ஜி' என்று ஓர் எழுத்துத்தான் இருக்கிறது. அது சிகாகோ ரிஸர்வ் பாங்கியின் எழுத்து. 1933-இல் ஜனங்கள் பயந்துபோய்ப் பாங்கிகளில் போட்ட பணத்தை எல்லாம் எடுக்க ஆரம்பித்தார்கள். மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் பாங்கிகளை மூடிவைக்க வேண்டியதாயிற்று. அந்த அவசரத்தில், நேஷனல் பாங்கி நோட்டுக்கென்று தயாராக இருந்த காகிதத்திலேயே இதை அச்சடித்தார்கள். அதனால் தலைப்பும் முத்திரையும் ஒரே மாதிரி இருக்கும். முதல் தடவை வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏமாறுகிற இடம் இது."

"அப்படியானால் இது செல்லாதா?"

கிழவர் சிரித்தார். "ஏன் செல்லாது? இன்றைக்கும் எந்தக் கடையிலும் பத்து டாலருக்குச் செல்லும். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?"

நான் நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை அவரே என்னைக் காபிக்குக் கூப்பிட்டார். சமையலறை மேஜை மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள்ளிருந்து, ஒரு கடித உறையில் வைத்திருந்த நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். 1929-க்கு முன் இருந்த பெரிய அளவு. ஏறக்குறைய ஏழரை அங்குல நீளம். இதுவும் பத்து டாலர்தான். இடது பக்கம் 1901-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி மக்கின்லியின் முகம். நடுவில் அலங்கார எழுத்தில் பர்ஸ்ட் நேஷனல் பாங்கி என்றும், அதன் கீழே அயோவாவைச் சேர்ந்த ஒரு சின்ன ஊரின் பெயரும். நீல முத்திரை. அடியில் இரண்டு கையெழுத்துக்கள். ஒன்று பாங்கித் தலைவருடையது. ஊதா நிறத்தில் ரப்பர் முத்திரையாகக் குத்தியது. மற்றொன்று காஷியருடையது; பேனாவால் போட்டது. மை பழுத்துத் தேயிலைச் சாறு மாதிரி ஆகியிருந்தது.

"இது என் தாத்தாவின் கையெழுத்து" என்றார்.

அமெரிக்கச் சிற்றூர்ப் பாங்கிகளில் காஷியர் என்றால் ஜன்னலுக்குப் பின்னால் பணம் எண்ணுகிறவர் அல்ல. பாங்கியை நடத்துகிறவரே அவர்தான். தலைவர் பெரும்பாலும் ஊர்ப் பணக்காரர், கௌரவத்துக்கு இருப்பார். கடன் கொடுப்பதும் மறுப்பதும் காஷியர்.

ஊரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஒரு சின்ன ஊர்ப் பாங்கியின் காஷியர் எப்படி அமெரிக்க தேசத்து நோட்டில் கையெழுத்துப் போட்டார்? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. கிழவர் காபி கலந்துகொண்டே சொன்னார்.

1863-க்கு முன்னால் அந்த நாட்டில் மாநிலங்களின் அநுமதி பெற்ற பாங்கிகள் தங்கள் இஷ்டப்படி நோட்டு அடித்தன. ஆயிரக்கணக்கான தினுசு. ஓர் ஊர் நோட்டை அடுத்த மாநிலத்தில் நீட்டினால், கடைக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பார். வாங்கினாலும் ஒரு பங்கு குறைத்துக்கொள்வார். எது கள்ள நோட்டு, எந்தப் பாங்கி முழுகிவிட்டது என்று பார்த்துச் சொல்வதற்கென்றே புஸ்தகங்கள் அச்சாகி விற்றன. உள்நாட்டுப் போர் வந்தது. லிங்கன் அரசாங்கத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. 1863 பிப்ரவரியில் ஒரு சட்டம் செய்தார்கள். புதிய நேஷனல் பாங்கி ஒவ்வொன்றும் அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கி வாஷிங்டன் கஜானாவில் ஈடாக வைக்க வேண்டும். நூறு டாலர் பத்திரத்துக்குத் தொண்ணூறு டாலர் வரையில் அரசாங்கமே நோட்டு அச்சடித்து, அந்தப் பாங்கியின் பெயரைப் போட்டுக் கொடுக்கும். அரசாங்கத்தின் பத்திரத்துக்கு ஆள் கிடைத்தது. ஜனங்களுக்கு நம்பக்கூடிய நோட்டு கிடைத்தது. பழைய மாநிலப் பாங்கி நோட்டுக்களுக்கு நூற்றுக்குப் பத்து வரி போட்டு அவற்றை ஒழித்துக் கட்டினார்கள்.

1900-இல் இன்னொரு சட்டம். மூவாயிரம் பேருக்கு மேற்படாத ஊரில் இருபத்தையாயிரம் டாலர் முதல் இருந்தாலே நேஷனல் பாங்கி தொடங்கலாம். ஈட்டுக்கு முழு அளவு நோட்டும் வெளியிடலாம். அவ்வளவுதான், சோளக் கொல்லைக்கு நடுவில் இருக்கிற ஊர்களில் எல்லாம் பர்ஸ்ட் நேஷனல் பாங்கிகள் முளைத்துவிட்டன. 1935-இல் இந்த ஏற்பாடு முடிவதற்குள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாங்கிகள் தங்கள் பெயரில் நோட்டு வெளியிட்டிருந்தன.

"வாஷிங்டனிலிருந்து நோட்டுக்கள் தாள் தாளாக வரும். ஒரு தாளில் நான்கு. அநேகமாக மூன்று பத்து, ஓர் இருபது. என் தாத்தா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த மாதிரி ஒரு மேஜையில்தான் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாராம். மை உலர்ந்ததும் பாட்டி கத்தரியால் நறுக்குவாளாம். அப்பா சிறு பிள்ளை. மேஜைப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு" என்றார்.

நோட்டின் மேல் ஓரம் ஒரு பக்கமாகச் சற்றுக் கோணலாக இருந்தது. பாட்டியின் கத்தரி!

"இதற்கு என்ன விலை பெறும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டை விற்றுவிட்டு முதியோர் விடுதிக்குப் போகப் போகிறேன். இதையும் விற்றுவிடலாமே என்கிறான் பையன்" என்று சொல்லிவிட்டு, பால் எடுக்கத் திரும்பினார்.

அந்தச் சமயத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கத்து மூலை ஒன்றில் பென்ஸில் கிறுக்கல். மங்கலாக இரண்டு எழுத்து. பக்கத்தில் ஒரு தேதி. விற்கப் போகிற பொருளில் இந்த அழுக்கு எதற்கு என்று தோன்றியது. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்ஸில் இருக்கும். அதன் கொண்டையில் ரப்பர். வாரக் கணக்கில் நாவலில் அடித்துத் திருத்த எதுவும் இல்லாததால் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தது. உபகாரம் செய்கிற எண்ணத்தோடு இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன். முதல் எழுத்துப் போய்விட்டது.

"வேண்டாம்" என்று குரல் கேட்டது.

நிமிர்ந்தேன். கிழவர் பால் புட்டியுடன் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. மெள்ள வந்து நோட்டை எடுத்து உறைக்குள் வைத்தார். "சனிக்கிழமை ஒரு ஹோட்டலில் நாணயக் கண்காட்சி நடக்கிறது. என்னோடு வருகிறீர்களா?" என்றார். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியவில்லை.

சனிக்கிழமை போனோம். மண்டபம் நிறைய மேஜைகள். மேஜை நிறைய நாணயங்கள். நோட்டுக்கென்று ஒரு மூலை. அங்கே இருந்த வியாபாரிக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சில் பரபரப்பே இல்லை. நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி நோட்டை வாங்கினார்.

முதலில் அவர் பார்த்தது சாஸன எண். பர்ஸ்ட் நேஷனல் பாங்கி என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பாங்கிகள் இருந்தன. ஒரே ஊரில் ஒன்று முழுகி அதே பெயரில் இன்னொன்று எழுந்ததும் உண்டு. பெயரை நம்பக்கூடாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்றார். எண்ணுக்குப் பக்கத்தில் 'எம்' என்று ஓர் எழுத்து இருந்தது. மத்திய மேற்குப் பிரதேசம் என்பதற்கு அடையாளம். வாஷிங்டனில் பழைய நோட்டுக்களைப் பிரித்து அடுக்குகிற குமாஸ்தாக்களின் சௌகரியத்துக்காகப் போட்டது. 1924 வரை போட்டார்கள். இரண்டாவதாக, வரிசை. 1902-ஆம் வருஷத்து வரிசையிலேயே மூன்று ஜாதி உண்டு. சிவப்பு முத்திரை போட்டவை மூத்தவை, குறைவு. நீல முத்திரையோடு பின்பக்கத்தில் 1902, 1908 என்று வருஷங்கள் அச்சான நோட்டு நடுப்பிள்ளை. நீல முத்திரை இருந்து பின்பக்கத்தில் வருஷம் இல்லாதது கடைக்குட்டி. அதுதான் அதிகம் கிடைக்கிறது. எங்கள் நோட்டு கடைக்குட்டி.

கிழவரின் முகம் சற்று வாடியது.

"அவசரப்படாதீர்கள்" என்றார் வியாபாரி. "நியூயார்க், சிகாகோ மாதிரி ஊர்ப் பாங்கிகளின் நோட்டு இந்த ஜாதியில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு நூறு டாலர் வந்தால் அதிகம். இதில் விலை என்பது நோட்டுக்கு அல்ல, ஊருக்கு. அந்த ஊரிலிருந்து எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி."

கையடக்கமான கம்ப்யூட்டரைத் திறந்தார். இந்த நோட்டுக்களில் ஆசை வைத்த சிலர், தலைமுறை தலைமுறையாக, எந்தப் பாங்கியின் எந்த எண்ணுள்ள நோட்டு எங்கே தென்பட்டது என்று ஒவ்வொன்றாகப் பதிந்து கணக்கு வைத்திருக்கிறார்களாம். ஜனத்தொகைக் கணக்கு மாதிரி, நோட்டுத் தொகைக் கணக்கு! கிழிந்து அழுக்கான நோட்டுக்கள் வாஷிங்டனுக்குத் திரும்பிப் போகும்; அங்கே அவற்றைக் கூழாக்கிவிட்டுப் புதிது கொடுப்பார்கள். அப்படித் திரும்பாமல் தப்பியவைதான் இன்றைக்கு இருப்பவை.

"உங்கள் ஊர்ப் பாங்கியின் பெரிய நோட்டு இதுவரை மூன்று தெரிய வந்திருக்கிறது. இது நாலாவது" என்றார் வியாபாரி. பிறகு, "இதை நான் பதிந்துவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் கொஞ்சம் நஷ்டம்" என்று சிரிக்காமல் சொன்னார்.

பிறகு உடம்புப் பரிசோதனை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பார்த்தார். மடிப்புக்களை எண்ணினார். சோப்பு நீரில் கழுவி, இஸ்திரி போட்டு, புதிது மாதிரி காட்டுகிறவர்கள் உண்டாம். கழுவினால் காகிதத்தின் உயிர் போய்விடும். தொட்டாலே தெரியும் என்றார். ஒன்றிலிருந்து எழுபது வரை மார்க் போடுகிறார்கள். இதற்கு இருபது போடலாம். பேனாக் கையெழுத்து இன்னும் தெரிவது விசேஷம். பல நோட்டுக்களில் அது முழுவதும் மறைந்து, யாரும் கையெழுத்துப் போடாத நோட்டு மாதிரி ஆகிவிடுகிறது.

பின்பக்கம் திருப்பினார். பூதக் கண்ணாடியை வைத்தார். என் இருதயம் அடித்துக்கொண்டது.

"பென்ஸில் எழுத்து இருக்கிறது. அது பரவாயில்லை, பழையது. ஆனால் இங்கே யாரோ ரப்பர் போட்டிருக்கிறார்கள். காகிதத்தின் மேல் பரப்பு எழும்பியிருக்கிறது. சமீபத்தில் செய்தது."

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்" என்றார் கிழவர். "வயதாகிவிட்டது. புத்தி கெட்டுப் போய்ச் செய்துவிட்டேன்."

வியாபாரி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ரப்பர் போட்டதற்காக இருநூறு குறைத்து, ஆயிரத்து நூறு டாலர் தருவதாகச் சொன்னார். எங்களுக்கு வருத்தமாக இருக்குமோ என்று நினைத்தாரோ என்னவோ, தம்மிடம் இருந்த சில அருமையான நோட்டுக்களையும் காட்டினார். முதல் வரிசையைச் சேர்ந்த இரண்டு டாலர் நோட்டு. அதில் இரண்டு என்கிற இலக்கம் நீளவாட்டில் படுத்துக் கிடக்கும். 'சோம்பேறி இரண்டு' என்று அதற்குப் பெயர். டக்கோட்டா மாநிலமாக ஆவதற்கு முன்னால், வெறும் பிரதேசமாக இருந்தபோது வெளியான நோட்டு ஒன்று. அதை விற்றால் ஒரு மோட்டார் கார் வாங்கலாம் போலிருந்தது. எதுவும் என் மனசில் தங்கவில்லை.

கிழவர் வந்தனம் சொல்லிவிட்டு நோட்டை உறையில் வைத்துக்கொண்டார். விற்கவில்லை.

காரில் வெகு தூரம் பேசாமல் வந்தோம். இரண்டு பக்கமும் சோளக் கொல்லை. மன்னிப்புக் கேட்க வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

முதல் உலக யுத்தத்தின்போது அயோவாவில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. எல்லோரும் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். 1920-இல் தானிய விலை விழுந்தது. நிலத்தின் விலையும் கூடவே விழுந்தது. கடன் கொடுத்த பாங்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தாத்தாவின் பாங்கி 1926-இல் மூடியது. டெபாஸிட்டுக்கு அரசாங்க இன்ஷூரன்ஸ் அப்போது கிடையாது. அது 1934-இல்தான் அமலுக்கு வந்தது. பாங்கியில் பணம் போட்டவர்களுக்குச் சொத்தை விற்று வந்ததில் பங்கு கிடைத்தது, முழுவதும் கிடைக்கவில்லை. ஊர் முழுவதும் தாத்தாவைத் திட்டியது. "அந்த ஊரில் எங்கள் பெயரைச் சொன்னால் இன்றைக்குக்கூட இரண்டொரு குடும்பத்துக்குப் பிடிக்காது" என்றார்.

"ஆனால் நோட்டு?" என்றேன்.

"நோட்டு வைத்திருந்தவர் எவருக்கும் ஒரு காசு நஷ்டம் இல்லை. பாங்கி முழுகினாலும் கஜானா கொடுக்கும். அதற்குத்தானே ஈடு! நோட்டிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது. ஆனால் அவ்வளவு பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? பாங்கி மூடிய அன்று ராத்திரி ஒரு குடியானவர் தாத்தா வீட்டுக் கதவைத் தட்டினாராம். அவர் போட்டிருந்த பணம் உள்ளே சிக்கிக்கொண்டது. கையில் இருந்தது இந்த ஒரு நோட்டுத்தான். தாத்தாவின் முகத்துக்கு நேரே நீட்டி, 'இது உன் கையெழுத்து. இதற்காவது பணம் கொடு' என்று கேட்டாராம்."

"தாத்தா என்ன சொன்னார்? இது செல்லும், பயப்படாதே என்றாரா?"

"சொல்லவில்லை. அதுதான் ஆச்சரியம். அன்றைக்கு அவர் எதைச் சொன்னாலும் அந்த மனுஷர் நம்பியிருக்க மாட்டார். தாத்தா உள்ளே போய்த் தம் பணத்திலிருந்து ஒரு பத்து டாலர் தங்கக் காசை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டாராம். பின்பக்கத்தில் அவர் பெயரின் முதல் எழுத்துக்களையும் தேதியையும் குறித்து வைத்தார். மறுநாளே அந்த நோட்டைக் கடையில் கொடுத்து மளிகை வாங்கியிருக்கலாம். அந்த வருஷம் பியானோவைக்கூட விற்றார்கள் என்று அப்பா சொல்வார். நோட்டை மட்டும் தாத்தா செலவழிக்கவில்லை."

நான் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாங்கியிலிருந்து வெளியான மற்ற நோட்டுக்கள் எல்லாம் ஊர் சுற்றிக் கிழிந்து, வாஷிங்டனுக்குப் போய்க் கூழாகிவிட்டன. ஒரு மனுஷருக்குச் செலவழிக்க மனசு வராததால் இது தப்பியது. வியாபாரி சொன்ன விலையில் இதற்குக் கணக்கு உண்டா என்றால், ஒரு விதத்தில் உண்டுதான். நாலே நோட்டு என்பதில் அதுவும் அடங்கியிருக்கிறது.

"நான் அழித்த எழுத்து..." என்று இழுத்தேன்.

"இரண்டு எழுத்தும் எனக்கு மனப்பாடம்" என்றார். "நீங்கள் உதவி செய்யத்தானே நினைத்தீர்கள்? என் தாத்தாவும் ஊரில் கடன் கேட்டவர்களுக்கெல்லாம் உதவி செய்யத்தான் நினைத்தார்."

நான் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் அக்கா டெலிபோனில் பேசும்போது சொன்னாள். கிழவர் வீட்டை விற்று விடுதிக்குப் போய்விட்டாராம். போவதற்கு முன் அந்தச் சின்ன ஊருக்குத் தாமே போய், அங்கே உள்ள வாசகசாலையில் நோட்டைக் கொடுத்துவிட்டாராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறார்களாம். பாங்கியின் பெயர், சாஸன எண், காஷியரின் பெயர், பாங்கி மூடிய வருஷம். கடைசி வரியை மட்டும் எழுதச் சொன்னது கிழவராம்: 'இந்த நோட்டு இன்றும் செல்லும்.' பின்பக்கத்தில் ஓர் எழுத்து ஏன் இல்லை என்று அங்கே யாரோ கேட்டதற்கு, பழசு, தானாக மங்கிவிட்டது என்றாராம்.

மங்கவில்லை. நான்தான் அழித்தேன். வியாபாரியிடம் சொல்ல வாயைத் திறந்தேன், முடியவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

என் சிகாகோ நோட்டு மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அறுபது டாலர் என்பதை அக்கா இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.